திண்ணை அடங்கலும் புகைக் கணக்கும்

போன பதிவில் மஞ்சக்குப்பம் மைதானத்துச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். பொங்கலுக்கு வந்த என் தங்கை மகன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனான். அது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் சந்தையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கிறேன்.

அவன் பாரீஸில் இருக்கிறான். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலை. லிஃப்ட், தண்ணீர், மின்சாரம், குளிர் காலத்தில் அறைகளைச் சூடாக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. கூடத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, எங்க கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் எடுக்குது, எவ்வளவு புகை விடுதுன்னு நான் செப்டம்பர் 30க்குள்ள அரசாங்கத்துக்குக் கணக்கு கொடுக்கணும். நீங்க 36 வருஷம் கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்தீங்களே, உங்க கட்டடம் எவ்வளவு விட்டுச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டார்கள். புகையைக் கேட்கவில்லை, யூனிட்டைக் கேட்டார்கள். பதிலையும் நான்தான் எழுதினேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா ஒரு நோத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதும் அதிகாரியிடம், எழுத்தராக இருந்தார். 1966இல் ப்ரவே தேறினேன். அடுத்த வருடமே அப்பா தவறிவிட்டார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார். பிரெஞ்சுச் சான்றிதழைத் தமிழ்நாட்டு வேலைக்கு யார் மதிப்பார்கள்? தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சையும் எழுதி, 1972இல் தென்னார்க்காடு மாவட்டத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பிறகு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் மாறி மாறிப் போய் 2008இல் ஓய்வு பெற்றேன்.

பள்ளியில் எங்கள் கணித ஆசிரியர் ஃபூரியே என்ற பெயரை மரியாதையோடு சொல்வார். ழோசேஃப் ஃபூரியே கணித மேதை மட்டுமல்ல, நம் மாதிரி அரசு ஊழியரும்கூட. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தவர். 1802 முதல் 1815 வரை கிரனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸேர் மாவட்டத்துக்கு ப்ரெஃபே. நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். சதுப்பு நிலத்தை வடிய வைப்பது, சாலை போடுவது என்று கோப்புகளைப் பார்த்துக்கொண்டே, வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியையும் நடத்தினார். கலெக்டர் வேலை பார்த்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற கணிதம் எழுதியவர் என்றால் நம்ப முடிகிறதா?

1824இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூரியனிடமிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் பூமி கணக்குப்படி இன்னும் குளிராக அல்லவா இருக்க வேண்டும், ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி. வெயிலின் ஒளி காற்று மண்டலத்தை எளிதாகக் கடந்து உள்ளே வந்துவிடுகிறது, பூமி வெளியே விடும் வெப்பம் அவ்வளவு எளிதாகக் கடந்து போக முடிவதில்லை என்று விடை சொன்னார். சொஸ்யூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்துச் செய்த சோதனையை உதாரணம் காட்டினார். பிற்காலத்தில் பிரெஞ்சில் இதற்கு 'எஃபெ த செர்' என்று பெயர் வந்தது. கண்ணாடிக் குடிலின் விளைவு என்று பொருள். தமிழில் பசுமை இல்ல விளைவு என்கிறோம். கார்த்திகை மாதக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரயிலில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த வாயு இந்த வேலையைச் செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கரியமில வாயு அடைத்த குழாய் வெயிலில் சாதாரணக் காற்றை விட அதிகம் சூடாகிறது என்று காட்டினார். 1859இல் ஜான் டிண்டால் தம் சோதனைச்சாலையில் அதன் காரணத்தை அளந்தார். 1896இல் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைய கணிப்பு அதை விடக் குறைவுதான். ஆனாலும் கால்குலேட்டர் கூட இல்லாத காலத்தில் ஒரு மனிதர் பேனாவும் தாளும் வைத்துப் போட்ட கணக்கு அது.

1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் ஒரு கருவியை வைத்து நாள்தோறும் காற்றை அளக்க ஆரம்பித்தார். அப்போது காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நான் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது தொடங்கிய பதிவேடு அது, இன்னும் மூடப்படவில்லை. அதை ஓர் எழுத்தனாக வணங்குகிறேன்.

ஆனால் மலை உச்சியில் அளந்தால் மொத்தம்தான் தெரியும். யார் எவ்வளவு விட்டார்கள் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. ஊர்க் குளத்தில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று படிக்கட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்த வீட்டுக்காரர் எத்தனை குடம் எடுத்தார் என்று படிக்கட்டு சொல்லுமா? அதற்கு வீடு வீடாகக் கணக்கு வேண்டும். நாடு வாரியாக இந்தக் கணக்கு 1992ஆம் வருடத்து ஐ.நா. ஒப்பந்தத்தோடு வந்தது. நிறுவனம் வாரியாக எப்படி எழுதுவது என்ற பொது விதிமுறை 2001இல் வந்தது.

கட்டடத்தை ஏன் தனியாகப் பிடித்தார்கள்? புகை என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது லாரியும் ஆலையும்தான். கட்டடம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது, அதற்குப் புகைக்குழாய் கூடக் கிடையாது. ஆனால் நியூயார்க் நகரத்தில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஊர் வெளியிடும் புகையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களின் கணக்கில் வந்தது. கார்கள் நிறைந்த நகரத்திலேயே இந்த நிலைமை.

என் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்குப் புரிகிற மாதிரி அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1,000 சதுர மீட்டர். வருடத்துக்கு 1 லட்சம் யூனிட் மின்சாரம். இந்தியாவில் கம்பி வழி வரும் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்ற கணக்கை மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடுகிறது. ஆக மின்சாரத்துக்கு 70 டன்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். 1,000 லிட்டர் டீசல் எரித்தால், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 2.7 டன். அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று, ஏ.சி.யில் அடைக்கும் கேஸ். பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால், அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மெக்கானிக் வந்து "கேஸ் லீக் ஆயிடுச்சு சார், ஃபில் பண்ணணும்" என்று ஐந்து கிலோ அடைத்துவிட்டுப் போனால், காற்றில் கலந்தது 9 டன்னுக்குச் சமம். ஜெனரேட்டர் வருடமெல்லாம் விட்ட புகையைப் போல மூன்று மடங்குக்கு மேல், சத்தமே இல்லாமல். மூன்றையும் கூட்டினால் 81.7 டன்.

டீசலும் கேஸும் கட்டடத்துக்குள்ளேயே வெளியாவதால் அதை முதல் கலம் என்கிறார்கள். மின்சாரத்தின் புகை வேறு எங்கோ வெளியாகிறது, அதனால் அது இரண்டாம் கலம். வேலைக்கு வருகிறவர்களின் பயணம், வாங்கிய காகிதம், கட்டும்போது போட்ட சிமெண்ட் முதலியவை மூன்றாம் கலம். அது நீண்டுகொண்டே போகும். பெரிய கட்டடத்தையும் சின்னக் கட்டடத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால் பரப்பால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் சதுர மீட்டருக்கு 100 யூனிட். ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்பது போலத்தான்.

இந்தக் கணக்கைச் சட்டமாக்கியதில் முன்னோடி டோக்கியோ. 2002லிருந்தே பெரிய கட்டடங்களிடம் அறிக்கை கேட்டார்கள். 2010 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் ஆலைக்கும் ஓர் உச்சவரம்பு. வரம்பைத் தாண்டினால், குறைத்துக் காட்டியவரிடமிருந்து மிச்சத்தை வாங்கி ஈடு செய்ய வேண்டும். அறிக்கையை மூன்றாம் நபர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நியூயார்க்கில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கட்டடங்கள் வருடா வருடம் கணக்குக் கொடுக்க வேண்டும், அது ஊருக்கே வெளியிடப்படும். பிறகு 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வாசலில் பரீட்சை மார்க் மாதிரி ஓர் எழுத்தை ஒட்டச் சொன்னார்கள். 2019இல் வந்த சட்டம் இன்னும் கடுமை. 2024 முதல் வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். பிரான்சிலும் அதே 2019இல் ஓர் ஆணை. 1,000 சதுர மீட்டருக்குக் குறையாத அலுவலகம், கடை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒவ்வொரு வருடமும் மின்சாரம், எரிவாயு உபயோகத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். 2030க்குள் 40 சதவிகிதம், 2040க்குள் 50, 2050க்குள் 60 குறைக்க வேண்டும். என் தங்கை மகனை செப்டம்பர் மாதம் தூங்க விடாதது இதுதான்.

நம் நாடு சும்மா இருந்தது என்று நினைக்க வேண்டாம். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. புதிய பெரிய வணிகக் கட்டடங்களை எப்படிக் கட்ட வேண்டும் என்ற நெறிமுறை 2007இல் வந்தது. கூரை, சுவர், கண்ணாடி, விளக்கு, ஏ.சி. எல்லாவற்றுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் பார்க்கிறோமே நட்சத்திர ஸ்டிக்கர், அதே போல அலுவலகக் கட்டடங்களுக்கும் 2009இல் 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் அடிப்படையும் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதுதான். ஆனால் நட்சத்திரம் விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வது, கட்டாயமில்லை. 2022இல் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தி, கரிமக் கடன் சந்தைக்கு வழி செய்தார்கள், குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவர இடம் வைத்தார்கள். 2023இல் சென்னை மாநகராட்சி தன் காலநிலைச் செயல் திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் நிகர பூஜ்யம் என்பது அதன் இலக்கு. சென்னையின் கணக்கிலும் பெரும்பங்கு, கட்டடங்களும் தொழிற்கூடங்களும் எடுக்கும் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும்தான்.

இங்கேதான் நம் மாவட்டத்துக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாம் கலத்தில், 'புகை வேறு எங்கோ வெளியாகிறது' என்று எழுதினேன் அல்லவா, அந்த 'வேறு எங்கோ' எது?

விருத்தாசலம் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவானது. அடுத்த வருடம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் எந்திரம் 1962இல் ஓடியது. 1970இல் அது 600 மெகாவாட் ஆனது. மதராஸில் 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தை வாய் பிளந்து பார்த்த தலைமுறை நாம். அந்த மாதிரிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ஓடவும் விளக்கு எரியவும் கரண்ட் கொடுத்தவற்றில் நம் நெய்வேலியும் ஒன்று. அந்த முதல் நிலையம் வயதாகி 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. புதியவை ஓடுகின்றன. தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போகிறது.

பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். ஒரு யூனிட் எடுக்கவே ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். வெளியாகும் கரியமில வாயுவும் யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டும். அதாவது நாட்டின் சராசரியை விட அதிகம். சென்னையில் பதினாறு டிகிரியில் ஏ.சி. போட்டுக்கொண்டு, உள்ளே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அறைக்கும் நெய்வேலிப் புகைக்கூண்டுக்கும் நடுவே ஒரு கம்பிதான்.

வீராணம் தண்ணீர் 2004லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். ஏரியில் எத்தனை அடி, எவ்வளவு போகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தபடி சொல்வார். தண்ணீருக்கு இருக்கிற அந்தக் கணக்கு மின்சாரத்துக்கு நம்மிடம் இல்லை. நிலம் கொடுத்த கிராமங்கள் ஒரு பக்கம் வேலை, இழப்பீடு என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்லின் மேல் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தியது என்று நிறுவனம் சொன்னது. பயிர் எங்களுடையது என்று உழவர்கள் சொன்னார்கள். அந்தப் பயிரும் எங்கோ ஒரு கட்டடத்தின் கணக்கில் வர வேண்டியதுதான். எந்தக் கலத்தில் எழுதுவது?

இன்னொரு பக்கம் கடல். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை 'தானே' புயல் கரையேறியபோது நான் கடலூரில்தான் இருந்தேன். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே நாளில் படுத்துவிட்டன. தாத்தா நட்ட மரம் பேரன் கண் முன்னால் வேரோடு கிடந்தது. ஒரு புயலைக் காட்டி இது இன்ன புகையால் வந்தது என்று சொன்னால் அது தப்பு. கடல் சூடேறினால் புயலுக்கு வலு கூடும், கடல் மட்டம் உயர்ந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே வரும் என்பது வரை சொல்லலாம். எரிப்பதும் நம் மாவட்டம், அடி வாங்குவதும் நம் மாவட்டம். கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட நம்மை விட யாருக்கு உரிமை இருக்கிறது?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1980களின் நடுப்பகுதி. சிதம்பரத்தில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது, சுவர்களுக்குப் பெயர் எதற்கு? கண்டிஜென்ட் பில் போடுகிற சீட் என்னுடையது. கரண்ட் பில்லும் என் வழியாகத்தான் போகும். ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. மின் சிக்கனம் வேண்டும், போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டு 10 சதவிகிதம் குறைத்து மாதாந்திர அறிக்கை அனுப்புக.

குறையவில்லை. அந்த வருடம்தான் அதிகாரி அறைக்கு ஒரு ஏ.சி. வந்திருந்தது. கூடியிருந்தது. உள்ளதை எழுதிக் கோப்பைக் கொண்டுபோனேன். அதிகாரி பார்த்துவிட்டு, "என்னப்பா இது, விளக்கம் கேட்டு எழுதுவாங்க. பத்து கழிச்சுப் போட்டுடு" என்றார். நல்ல மனிதர்தான். எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டார்கள். நானும் போன வருடத்து எண்ணை எடுத்தேன், பத்து சதவிகிதம் கழித்தேன், கையெழுத்துக்கு வைத்தேன். அடுத்த வருடம் கழித்ததிலிருந்து கழித்தேன். மூன்றாம் வருடமும் அப்படியே. மூன்று வருடத்தில் தாளில் 27 சதவிகிதம் மிச்சம். அப்படியே ஏழு வருடம் போயிருந்தால் பாதி கரண்டுக்கும் குறைவாக அந்த அலுவலகம் ஓடியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நிஜக் கணக்கும் என் மேசையிலேயே இருந்தது. கட்டிய பில் எல்லாம் கண்டிஜென்ட் ரிஜிஸ்டரில் ரூபாய் பைசாவோடு உண்டு. அறிக்கை வேறு கோப்பு. மாதா மாதம் கருவூலத்துக்குப் போய் நம் செலவும் அவர்கள் செலவும் ஒத்துவருகிறதா என்று ரிகன்சிலியேஷன் செய்கிற அதே நான், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் கட்டடத்து ஒயரிங் பழசு. எங்கள் பியூன், வயதானவர், மெயின் ஸ்விட்சைப் போடப் போகும்போதெல்லாம் சொல்வார்: "சார், கம்பி தொட்டா சுடுது சார்." ஒயரிங் மாற்றவும் மின்பளுவைக் கூட்டவும் கேட்டு நானே கருத்துரு எழுதி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் அலுவலகத்தின் மாதாந்திர அறிக்கைகளின்படி மின் உபயோகம் தொடர்ந்து குறைந்து வருவதால் தற்போது அவசியம் எழவில்லை.' என் எண்ணே எனக்குப் பதிலாகத் திரும்பி வந்தது.

ஒரு சித்திரை மாத மாலை, போர்டு தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஓர் அலமாரிப் பதிவேடுகள் கருகின. ஆனால் சாக்கை நனைத்து அடித்து அணைத்தவர் அந்தப் பியூன்தான். வலது கையில் தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "பரவாயில்ல சார், ஃபைலு பாதி தப்பிச்சிடுச்சு" என்றார். அவருக்கு அந்த அறிக்கைகளைப் பற்றித் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை அவர் டம்ளரை இடது கையால்தான் பிடித்தார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போது அவரிடமே சொல்லியிருக்க வேண்டும்.

கிராமக் கணக்கு தெரிந்தவர்களுக்கு 'திண்ணை அடங்கல்' என்றால் புரியும். கணக்கப்பிள்ளை வயலுக்குப் போகாமல், திண்ணையில் சாய்ந்துகொண்டே எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதுவது. வரப்பை மிதிக்காமல் எழுதிய அடங்கலில் எல்லாம் நன்றாக விளைந்திருக்கும். 1980இல் கர்ணம் பதவி ஒழிந்தது, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். திண்ணை ஒழிந்ததா என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறேன். நான் எழுதியதும் திண்ணை அடங்கல்தான், நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நம் முன்னோர்கள் திண்ணை அடங்கலுக்கு மருந்தும் வைத்திருந்தார்கள். அதுதான் ஜமாபந்தி. வருடத்துக்கு ஒரு முறை கலெக்டரோ மற்ற அதிகாரியோ தாலுக்காவில் உட்கார்ந்து கிராமக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். குடிகளும் வந்து நின்று, "ஐயா, அந்த நம்பரில் அப்படி இல்லை" என்று சொல்லலாம். டோக்கியோவின் மூன்றாம் நபர் சரிபார்ப்பும், நியூயார்க் வாசலில் ஒட்டும் எழுத்தும் எனக்கு ஜமாபந்தியாகத்தான் தெரிகின்றன. கணக்கைப் பிறர் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால்தான் எழுதுகிறவன் வரப்பை மிதிப்பான்.

கணக்கு எழுதினால் மட்டும் புகை குறைந்துவிடாது, அதுவும் உண்மை. ஆனால் எங்கே குறைக்கலாம் என்று காட்டும். நான் பார்த்த பழைய மஞ்சக்குப்பம் கட்டடங்களில் உயரமான கூரை, மெட்ராஸ் டெரஸ், கனத்த சுண்ணாம்புச் சுவர், சுற்றிலும் தாழ்வாரம். மே மாதத்திலும் மதியம் ஒரு மணி வரை ஃபேன் போதும். சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்து நிழலில் ஒரு கோடை மதியம் நின்று பாருங்கள். பிறகு வந்த கட்டடங்களில் கூரை தாழ்ந்தது, மேற்கே கண்ணாடி வந்தது, அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. வந்தது. ஃபூரியே உதாரணம் காட்டிய கண்ணாடிப் பெட்டியை நாமே கட்டி, அதற்குள் நாமே உட்கார்ந்துகொண்டோம். கூரைக்கு வெள்ளை பூசுவது, மேற்கு ஜன்னலுக்கு வெளித் திரை, 40 வாட் டியூப்லைட்டை அதில் பாதி வாட் எல்.இ.டி.யாக மாற்றுவது, ஏ.சி.யை 24இல் வைப்பது என்று எல்லாம் சின்ன வேலைகள். அளந்தவனுக்குத்தான் எதை முதலில் செய்வது என்று தெரியும்.

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் இப்போது மாவட்டம்தோறும் ஆட்சியரே இயக்குநர். அப்படியென்றால் கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் ஏதோ ஒரு சீட்டில், ஏதோ ஓர் இளநிலை உதவியாளரின் மேசைக்கு இந்தக் கோப்பு ஒரு நாள் வரும். தம்பியோ பாப்பாவோ, நீ யாரென்று எனக்குத் தெரியாது. உன் அலுவலகத்தின் யூனிட் எவ்வளவு என்று கேட்டு ஒரு படிவம் வந்தால், எழுந்து போய் மீட்டரைப் பார். பார்த்ததை எழுது. கூடியிருந்தால் கூடியது என்றே எழுது. விளக்கம் கேட்பார்கள், கேட்கட்டும், விளக்கம் எழுதிப் பழகியவர்கள்தானே நாம்.

தங்கை மகன் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டு வெள்ளை அட்டையை எடுத்துக் காட்டினேன். ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எழுதிய எண்களுக்குப் பக்கத்தில், நான் என் கையால் 0.7ஆல் பெருக்கிப் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். கடைசி இரண்டு மாதம் 310 யூனிட், 217 கிலோ. "மாமா, இதையும் பதியணுமா?" என்று சிரித்தான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன் என்றேன்.

அடுத்த வாரம் மஞ்சக்குப்பம் சந்தை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.